கை நனைக்காத அத்தை

1

சென்ற வாரம் டிப்போவில் எனக்கு ஒரு விழா எடுத்தார்கள். ஓய்வறை மேசையில் ஒரு பெரிய சீஸ் கட்டி, அதன் நடுவில் எரிகிற மெழுகுவத்தி. நான் சோற்றை விட்டு ஒரு வருடம் ஆகிவிட்டதாம். என் தடத்திலேயே பஸ் ஓட்டும் மார்கரெட் செய்த ஏற்பாடு. கேக் வைத்தால் நான் தொடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். நானும் மெழுகுவத்தியை ஊதி அணைத்து, சீஸை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தேன்.

அந்தப் படத்தை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதுதான் வினையாகப் போயிற்று. கோயமுத்தூரிலிருந்து ஒரு பெரியம்மா, சோறே தின்னாமல் எப்படி உயிரோடு இருக்கிறாய், உன் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்பதில்லையா என்று கேட்டிருந்தார். என் வீட்டுக்காரர் வாய் திறந்து பல காலம் ஆகிறது, அது வேறு கதை. பெரியம்மாவுக்கும், அதே கேள்வியைக் கேட்காமல் மனசுக்குள் வைத்திருக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. வட இங்கிலாந்தில் மழை நிற்காத ஒரு ஊரில் டவுன் பஸ் ஓட்டுகிறேன். கோயமுத்தூரில் இருந்தவரை ஸ்கூட்டியைத் தாண்டி எதையும் ஓட்டியதில்லை. நாற்பது வயதுக்கு மேல் இங்கே பெரிய வண்டி லைசென்ஸ் எடுத்தேன். ஊருக்கு வந்தால் இன்னும் பாதிப் பேர், "கண்டக்டருங்களா?" என்று கேட்கிறார்கள். டிரைவர் என்று சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். சிரிக்கட்டும். ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால் எனக்குப் பின்னால் ஒரு தெரு ஜனம் என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறது. அந்த இருக்கையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

2

ஆனால் விட்டுக்கொடுக்க வேண்டிய நிலைமை வந்தது. சர்க்கரை எனக்குப் பல வருடமாக உண்டு. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு நான் என்று இருந்தோம். போன வருடம் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இப்படியே போனால் அடுத்தது இன்சுலின் ஊசிதான் என்றார்.

ஊசி எனக்குப் பயமில்லை. ஊசிக்குப் போனால் லைசென்ஸ் ஆபீஸுக்குச் சொல்ல வேண்டும், சொன்னால் விசாரணை முடியும்வரை பஸ்ஸைத் தொடக் கூடாது. விசாரணை எப்போது முடியும் என்று தெரிந்துகொள்ளப் போன் செய்தேன். வெகுநேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்து, எழுதிக் கேளுங்கள் என்றாள். எழுதினேன். உங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. அவ்வளவுதான். இதற்கு நம் ஊர் ஆபீஸே தேவலாம், அங்கே யாரையாவது பிடித்துத் திட்டவாவது முடியும்.

சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுக்க ஒரு நர்ஸிடம் அனுப்பினார்கள். சோறு எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். கொஞ்சம்தான் என்றேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்றாள். இரண்டு கையையும் குவித்துக் காட்டினேன். அவள் எழுதிக்கொண்டே, இது வீட்டில் எத்தனை பேருக்கு என்று அன்பாகக் கேட்டாள். எனக்குத்தான், மதியத்துக்கு மட்டும் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சோறு தின்பதைக் குற்றம் மாதிரிப் பார்க்கிறாயே என்று அவள் மேல் கோபம். அந்தக் கோபத்தில்தான், சரி, விட்டே காட்டுகிறேன் பார் என்று விட்டேன். சோறு, இட்லி, சப்பாத்தி, ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாம் போயிற்று. மாத்திரையை அதற்கேற்ற மாதிரி டாக்டர் மாற்றிக் கொடுத்தார்.

3

முதல் சில நாட்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. தலை வலித்தது. எரிந்து விழுந்தேன். ஒரு நாள், சில்லறை தேடிக்கொண்டு நின்ற ஒரு தாத்தாவைப் பார்த்துக் கண்ணீர் வந்தது, ஏனென்று இன்றுவரை தெரியாது. கொஞ்சம் உப்புப் போட்ட மோர் குடித்தால் தேவலை ஆனது. பிறகு மெல்ல மெல்ல ஒன்று புரிந்தது. இத்தனை வயது வரைக்கும் பசியையும் ஆசையையும் ஒரே ஆள் என்று நினைத்திருக்கிறேன்.

கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். தின்ன வேண்டும் போலிருந்தால் என்னையே கேட்டுக்கொள்வேன்: அவித்த முட்டை இருக்கிறது, தரட்டுமா? தா என்று வயிறு சொன்னால் அது பசி. உடனே தின்றுவிடுவேன், பசியைப் பட்டினி போடுவது எனக்குப் பிடிக்காது, வண்டி ஓட்டுகிறவள் போடவும் கூடாது. முட்டை வேண்டாம், சூடாகச் சோறும் அதில் நெய்யும்தான் வேண்டும் என்று சொன்னால் அது ஆசை. ஆசைக்குப் பொறுமை கிடையாது. என் தடத்தில் ஒரு பேக்கரி நிறுத்தம் இருக்கிறது. கதவைத் திறந்தால் ரொட்டி வாசனை வண்டிக்குள் வந்துவிடும். அங்கே ஏறுகிற ஆசை, நான் சண்டை போடாமல் பேசாமல் ஓட்டிக்கொண்டிருந்தால், ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் தானாக இறங்கிவிடுகிறது. மறுநாள் மறுபடி ஏறும். ஏறட்டும்.

வீட்டில் நிலக்கடலை அவிப்பேன். தேங்காயைப் பல் பல்லாகக் கீறி டப்பாவில் போட்டு எடுத்துப் போவேன். வாரம் ஒரு முறை பள்ளிபாளையம் சிக்கன்: கோழி, சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய், நல்லெண்ணெய். அதில் குறை சொல்ல அந்த நர்ஸாலேயே முடியவில்லை, செய்முறை கேட்டு வாங்கிப் போனாள்.

என் மகனுக்கு மட்டும் இதெல்லாம் ஒரு விஷயமாகவே படவில்லை. இருபத்து நான்கு வயது, இந்த ஊரிலேயே வளர்ந்தவன். "அம்மா, இங்க நிறைய பேர் இப்படித்தான்" என்றான் ஆங்கிலத்தில். அவனுக்குச் சோறு என்பது எப்போதாவது ஆர்டர் செய்கிற பண்டம். அம்மா எதை விட்டாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதுதான், தலைவலியைவிட, அந்த நாட்களில் எனக்கு அதிகமாக வலித்தது.

4

விட்டுச் சில மாதங்கள் ஆனபோது கோயமுத்தூர் வந்தேன். தம்பி செந்திலின் மகள் தாரணிக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. பையன் கௌதம், அவளோடு ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவன். இரண்டு பேரும் ஏற்கெனவே பேசி முடிவு செய்துவிட்டார்கள், பெரியவர்கள்தான் அதற்குப் பெண் பார்ப்பது, வீடு பார்ப்பது என்று அலங்காரம் செய்துகொண்டிருந்தோம். பையன் வீடு மேட்டுப்பாளையம், பாக்கு வியாபாரம். நம் பக்கத்திலிருந்து போய் வீடு பார்க்கும் நாளில் அத்தை இல்லாமல் எப்படி என்று என்னை வரச் சொல்லியிருந்தார்கள்.

வந்து இறங்கிய நாள் முதல் போர்க்களம்தான். இங்கிலாந்தில் ஒன்றை வேண்டாம் என்றால் தட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். நம் ஊரில் முதல் "வேண்டாமுங்க" மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு, மூன்றாவது சொல்லும்போது இலையில் விழுந்திருக்கும். நானோ முதல் தடவையே வெடுக்கென்று சொல்லிப் பழகிவிட்டேன். நாலு வீட்டில் மூஞ்சி சுருங்கிப் போனார்கள். வெள்ளைக்காரச்சி ஆகிவிட்டாள் என்று ஒரு சித்தி என் முன்னாலேயே சொன்னார். காந்திபுரத்தில் பஸ் ஏறப் போனால் தள்ளுவண்டியில் காளான் போடுகிற சட்டியின் சத்தம். பெயர்தான் காளான், முக்கால்வாசி முட்டைக்கோசும் மைதாவும். அந்த மைதாவுக்கு நான் ஏங்கிய ஏக்கத்தை எந்த மனிதனுக்கும் ஏங்கியதில்லை. டவுன் பஸ் வரும்வரை முதுகைக் காட்டி நின்றேன்.

மேட்டுப்பாளையம் போகும் முன்தினம் செந்தில் என்னைத் தனியாக மொட்டைமாடிக்குக் கூப்பிட்டான். சக்கரை விஷயத்தைப் பையன் வீட்டில் மூச்சு விடக் கூடாது என்றான். பெண் வீட்டில் வியாதி என்று தெரிந்தால் பரம்பரை என்பார்கள், நாளைக்குத் தாரணிக்கும் வரும் என்பார்கள், சம்பந்தம் முறிந்துவிடும். நான் ஒரு நாள் பேசாமல் சோறு தின்றால் போதுமாம். சோறு தின்னமாட்டேன், ஆனால் நானாக எதுவும் சொல்லவும் மாட்டேன் என்றேன். அவன் முகம் சரியில்லை. பெண்ணைப் பெற்றவன், கவலை இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பிடித்திருந்தால்தான் சாப்பிடுவோம். அதைக் கை நனைப்பது என்போம். பிடிக்காவிட்டால் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவோம். வாயால் ஒருவரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, கை நனையாததே பதில். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கை நனையச் சோறுதான் வேண்டும் என்று ஒரு கூட்டமே நினைத்துக்கொண்டிருக்கும் என்பது, ஒரு வருடத்தில் பாதியைச் சோறில்லாமல் கழித்த என் புத்திக்கு எட்டவில்லை.

5

நல்ல வீடு, நல்ல மனிதர்கள். கௌதமின் அம்மா சாந்தாமணி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், தாரணியின் படத்தை ஏற்கெனவே போனில் வைத்திருப்பதைக் காட்டினார். பேச்செல்லாம் முடிந்து பந்தி போட்டார்கள். இலையில் அவரைக்காய்ப் பொரியல், கீரை, வடை, நெய் வழிகிற ஒப்புட்டு, அதாவது போளி. பிறகு சோறு வந்தது.

நான் இலையின் நடுவே கையை விரித்து வைத்தேன். சோறு வேண்டாமுங்க என்றேன். பரிமாறிய பெண் சிரித்துக்கொண்டே கையை விலக்கப் பார்த்தாள். நான் விலக்கவில்லை. ஒப்புட்டை ஓரமாக ஒதுக்கினேன். பந்தியில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது.

கௌதமின் அப்பா எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, எங்கூட்டுல கை நனைக்க மனசில்லீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர்கள் பக்கத்து அம்மாள் ஒருவர், யாரையும் பார்க்காமல், அத்தைக்காரிக்குக் கல்யாண வயசில் ஒரு பையன் இருக்கிறானாமே என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தம்பி மகள் மேல் அத்தை மகனுக்கு முறை உண்டு. பெண்ணை என் மகனுக்கு எடுத்துக்கொள்ளத்தான் நான் கை நனைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று அந்தப் பந்தி மொத்தமும் முடிவு கட்டிவிட்டது. மாமன் மகளைக் கட்டிக்கொள் என்று சொன்னால் என் மகன் என்னைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போவான். அதை இவர்களுக்கு எப்படிச் சொல்வது?

செந்தில் பக்கத்திலிருந்து குனிந்து, "அக்கா, ஒரே ஒரு கை. தாரணிக்காவ" என்றான். தாரணி அன்றைக்கு வரவில்லை, வரும் வழக்கமும் இல்லை. செந்திலின் பீளமேட்டு வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நல்ல பசி. பசி, ஆசை இரண்டும் சேர்ந்தே வந்திருந்தன. பருப்பின் மேல் நெய் விழுந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது. ஒரு கை சோற்றால் என் பஸ் போய்விடாது என்றும் தெரியும். ஆனால் அந்த ஒரு கையோடு விடமாட்டார்கள், நானும் விடமாட்டேன். அதைவிட, வியாதியை மறைக்க வியாதிக்கே சோறு போடச் சொல்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் யார் வீட்டையும் கொள்ளையடிக்கவில்லை. ஒளிக்க என்ன இருக்கிறது?

"எனக்குச் சக்கரைங்க" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். "சோறு திங்காமத்தான் கட்டுக்குள்ள வெச்சிருக்கறனுங்க. ஏறிப்போச்சுன்னா ஊசிம்பாங்க, ஊசின்னா என்னைப் பஸ்ஸை உட்டு எறக்கிப்போடுவாங்க. சம்பந்தம் புடிக்காம இல்லீங்க. என் பையனுக்கு இந்த நெனப்பே இல்லீங்க. அந்தப் பொரியலை இங்க எடுத்தாங்க, உங்கூட்டுல வயிறு நெறையத் திங்கறேன்."

சாந்தாமணிதான் பொரியல் பாத்திரத்தை எடுத்து வந்தார். ஒரு கரண்டி போட்டார். இன்னும் போடுங்கள் என்றேன். கீரையை வாங்கிக்கொண்டேன், தயிரைக் கையில் ஊற்றிக் குடித்தேன், மறுபடி பொரியல் கேட்டேன். மணிக்கட்டு வரை நனைந்த கையோடு நான் எழுந்து கை கழுவப் போனபோது, என் தம்பி தலையைக் குனிந்துகொண்டு இரண்டாம் முறை சோறு வாங்கி, எனக்குப் போட்ட ஒப்புட்டையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

6

திரும்பி வருகிற வழியெல்லாம் காரில் சண்டை. ஒரு கை சோற்றுக்காகப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்றான் செந்தில். கெட்டுப்போகிற வாழ்க்கையா இல்லையா என்று இப்போதே தெரிவது நல்லது என்றேன். அவன் மனைவி ரேவதி பின்சீட்டில் அழுதுகொண்டு வந்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு போன் இல்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று போய்க்கொண்டே இருந்தது. தாரணி சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். சமாதானம் சொல்ல அவள் அறைக்குப் போனேன்.

"உங்களுக்கு உங்க பஸ்ஸுங்க அத்தை. எனக்கு கௌதம்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் கைக்குழந்தையாகத் தூக்கிய பிள்ளை. அந்தச் சொல் குத்தியது. இருந்தாலும் நான் செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றாததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவளும் போகச் சொல்லவில்லை.

கடைசியில் சாந்தாமணி போன் செய்தார், எனக்குத்தான் செய்தார். அவர்கள் வீட்டில் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. சோறில்லாமல் தின்றது கை நனைத்ததில் சேருமா, சேராதா? சேராது என்று அவர் வீட்டுக்காரரும், சேரும் என்று கௌதமும் நின்றிருக்கிறார்கள். "கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னவங்களை எங்க போயி நனையலைங்கறது? சேருமுன்னு சொல்லிப்போட்டேனுங்க" என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. தாரணி ரத்தம் பரிசோதித்துக் காட்ட வேண்டும் என்று அவர் வீட்டுக்காரர் கேட்கிறாராம்.

செந்தில் வீட்டை இரண்டாக்கிவிட்டான். எங்கள் பரம்பரையிலேயே கிடையாது, அக்காவுக்கு அந்த ஊர்க் குளிரில் வந்தது, என் பெண்ணை எவனும் சோதிக்க வேண்டாம் என்று குதித்தான். குளிரில் சக்கரை வரும் என்று அன்றைக்குத்தான் நான் தெரிந்துகொண்டேன். தாரணிதான் எழுந்து வந்து, நான் எடுக்கிறேன், கௌதமும் எடுக்கட்டும் என்றாள். அவள் குரலில் என் குரல் கேட்டது, சந்தோஷமாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே நாளில் போய் எடுத்தார்கள். இருவருக்கும் ஒன்றுமில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து தட்டு மாற்ற நாள் குறித்துக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள், செந்திலைத் தவிர.

7

நான் கிளம்பும் நாளில் ஏர்போர்ட்டுக்கு அவன்தான் கூட்டிவந்தான். பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, போய்வாங்க என்று சொல்லாமல் அங்கேயே நின்றான்.

"எனக்கும் இருக்குதுங்க்கா."

என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். வருடக் கணக்கில் என்றான். ரேவதிக்குத் தெரியாது. மாத்திரையைக் கார் டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு, தோன்றினால் போடுகிறான், யாராவது கூட இருந்தால் போடுவதில்லை. பெண்ணுக்குச் சம்பந்தம் பார்க்கத் தொடங்கியதிலிருந்து டாக்டரிடம் போகவே இல்லை, யாராவது பார்த்துவிடுவார்களாம். கால் பாதம் கொஞ்ச நாளாக மரத்துப்போகிறது என்று, அதையும் ஏதோ செருப்புச் சரியில்லை என்கிற மாதிரிச் சொன்னான்.

மேட்டுப்பாளையத்துப் பந்தியில் அவன் குனிந்துகொண்டு தின்ற சோறு என் கண்முன் வந்தது. எனக்குப் போட்ட ஒப்புட்டையும் அல்லவா தின்றான். நான் வியாதியைச் சொல்லிவிட்டு நிம்மதியாகப் பொரியல் கேட்டு வாங்கினேன். என் தம்பி அதை மறைப்பதற்காக என் பக்கத்திலேயே உட்கார்ந்து விஷத்தைத் தின்றிருக்கிறான். எனக்கு அழுகையும் வந்தது, அவனை ஓங்கி ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது.

தாரணியிடம் சொல், ரேவதியிடம் சொல், இன்றைக்கே டாக்டரிடம் போ என்றேன். கல்யாணம் முடியட்டும் என்றான். கல்யாணம் முடிந்தால் வளைகாப்பு முடியட்டும் என்பாய், அதுவரை உன் கால் இருக்குமா என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொண்ணு வாழ்க்கைங்க்கா" என்றான்.

"அவ ரத்தம் எடுத்தப்பவே அவ வாழ்க்கையை அவ பாத்துக்கிட்டாளே கண்ணு. இப்ப அவளுக்கு அப்பன் வேணும். போனை எடு."

வாசலில் நின்ற காவலர் டிக்கெட், பாஸ்போர்ட் கேட்டார். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. இருங்க, என் தம்பி ஒரு போன் பேச வேண்டும் என்றேன். விமானத்துக்கு நேரமாகிறது என்றார். ஆகட்டும் என்றேன். எத்தனை பேரைக் காத்திருந்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன், ஒரு முறை எனக்காக அது காத்திருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும்.

நான் உள்ளே போகமாட்டேன் என்பது செந்திலுக்குப் புரிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து என்னைப் பார்த்தவன். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான், போட்டான், காதில் வைத்தான். "கண்ணு, அப்பா பேசறேன்" என்றவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் தள்ளுவண்டியை வரிசையிலிருந்து ஓரமாக நகர்த்திவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை அவன் முன்னாலேயே நின்றேன்.